ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கில் ஆப் திறக்கவில்லை: கோளாறு எந்தப் பக்கம்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகியிருக்கும், நான்கைந்து வருடமாக ஓடும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக். அதில் ஒரு ஆப் லோகோவைக் காட்டிவிட்டு அப்படியே நிற்கிறது. இன்னொன்று திறந்த சில நொடியில் தானாக மூடிக்கொண்டு முகப்புக்கே திரும்பிவிடுகிறது. யூடியூப் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது. போனில் அந்த இரண்டு ஆப்களும் நன்றாகத் திறக்கின்றன. ரிமோட்டில் பவர் பட்டனை அழுத்தி அணைத்துப் போட்டும் பார்த்துவிட்டீர்கள். இனி ஃபேக்டரி ரீசெட் செய்வதா (எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல ஆக்குவதா), புதிதாக ஒன்று வாங்குவதா என்பது உங்கள் கேள்வி. இரண்டுக்கும் முன்னால் தெரிய வேண்டியது ஒன்று இருக்கிறது: கோளாறு ஸ்டிக்கில் இருக்கிறதா, வீட்டு இணையத்தில் இருக்கிறதா, அந்த ஆப்பை நடத்துகிறவர்களின் சர்வரில் இருக்கிறதா? அது தெரிந்துவிட்டால் மற்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும் என்பதால் அதற்கே பதில் எழுதுகிறேன்.

இந்தக் கருவிகளுக்கான உதவிப் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். அழைப்பவர்களில் பெரும்பாலானோர் ஒன்று எதையுமே செய்யாமல் அழைப்பார்கள், இல்லையென்றால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்துவிட்டு அழைப்பார்கள். இரண்டாவது வகையினருக்கு உதவுவதுதான் கடினம். ரூட்டரையும் அணைத்து, ஆப்பையும் அழித்து, ரீசெட்டும் செய்துவிட்டால் எது காரணம் என்று சொல்லும் தடயம் எல்லாமே போய்விடும். அதனால் உங்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், ஒவ்வொன்றுக்குப் பிறகும் அந்த இரண்டு ஆப்களையும் திறந்து பாருங்கள்.

நீங்கள் எழுதியதிலிருந்தே உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. யூடியூப் ஓடுகிறது என்றால் ஸ்டிக் வைஃபையில் சேர்ந்திருக்கிறது, இணையத்தை எட்டுகிறது, எச்டிஎம்ஐ வழியாகப் படமும் வருகிறது. கடிகாரமும் பெரிய அளவில் தவறாக இருக்க வாய்ப்பில்லை. கடிகாரம் எதற்கு என்று தோன்றலாம். ஆப்பும் சர்வரும் பேசத் தொடங்கும்போது சர்வர் ஒரு சான்றிதழைக் காட்டும். அதில் 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும்' என்று இருக்கும். ஸ்டிக்கின் கடிகாரம் மூன்று வருடம் பின்னால் இருந்தால், சரியான சான்றிதழையும் அது செல்லாது என்று தள்ளிவிடும். ஆனால் அப்படி நடந்தால் அநேகமாக எந்த ஆப்பும் திறக்காது, யூடியூப் உட்பட. எல்லா ஆப்களும் ஒரே நாளில் நின்றுபோனவர்கள் இதைப் படித்தால், முதலில் செட்டிங்ஸில் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். ஸ்டிக்குகள் நேரத்தை இணையத்திலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. ரூட்டரில் ஏதாவது பாதுகாப்பு அமைப்பு அதைத் தடுத்தால், மின்சாரம் போய் வந்ததும் கடிகாரம் பழைய தேதிக்குப் போய் நின்றுவிடும்.

உறுதியாகச் சொல்ல முடியாதது போன் பற்றிய தகவல். போன் வைஃபையில் இருக்கும்போதே, அந்த வைஃபை சரியில்லை என்று அதற்குத் தோன்றினால் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். ஆப் தேடும் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ். போனில் தனி டிஎன்எஸ் அமைத்திருந்தால், ரூட்டரின் டிஎன்எஸ் கெட்டுப்போயிருந்தாலும் போனுக்கு அது தெரியாது. ஆகவே மொபைல் டேட்டாவை முழுவதும் அணைத்துவிட்டு, ஸ்டிக் இருக்கும் அதே வைஃபையில், அதே கணக்கில் அந்த இரண்டு ஆப்களையும் திறந்து பாருங்கள். அப்படியும் திறந்தால் சர்வர் பக்கம் பெரிய கோளாறு இல்லை என்று நம்பலாம். முழுக்கத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் ஒரே ஆப்பின் போன் பதிப்புக்கும் டிவி பதிப்புக்கும் பின்னால் சில நிறுவனங்கள் வேறு வேறு சர்வர்களை வைத்திருக்கின்றன.

போனிலும் திறக்கவில்லை என்றால் எதையும் தொடாதீர்கள், காத்திருங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2021 ஜூன் 8 அன்று பல தளங்களின் பக்கங்களைப் பயனர்களுக்குக் கொண்டுசேர்க்கும் ஃபாஸ்ட்லி என்ற நிறுவனத்தின் வலையமைப்பில் ஏற்பட்ட ஒரு கோளாறால் உலகம் முழுக்கப் பெரிய பெரிய தளங்கள் சுமார் ஒரு மணி நேரம் நின்றன. 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் மேகக் கணினிச் சேவையில், அமெரிக்காவின் வர்ஜீனியா பகுதியில், டிஎன்எஸ் சிக்கல் வந்து எத்தனையோ ஆப்கள் மணிக்கணக்கில் தடுமாறின. அந்த மாதிரி நாட்களில் வீட்டில் இருப்பவர் ஸ்டிக்கை ரீசெட் செய்தால், மறுபடி லாகின் செய்யக்கூட வழியில்லாமல் மாட்டிக்கொள்வார். ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுப் பார்ப்பதில் எந்த நஷ்டமும் இல்லை.

அடுத்தது, ஆப் எந்த இடத்தில் நிற்கிறது என்பது. நான் யாரிடமும் முதலில் கேட்பது இதைத்தான். லோகோ வரும்போது ஆப் இன்னும் ஸ்டிக்கின் உள்ளேதான் இருக்கிறது. சேமிப்பிலிருந்து தன்னை ராமில், அதாவது ஆப் ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகத்தில், ஏற்றிக்கொண்டிருக்கும். அதன் பிறகுதான் வெளியே போய் சர்வரின் முகவரியைத் தேடும், சான்றிதழைச் சரிபார்க்கும், நீங்கள் யார் என்று லாகின் விவரத்தைக் காட்டும், முகப்பில் எந்தெந்தப் படங்களைக் காட்ட வேண்டும் என்ற பட்டியலை வாங்கும், அப்புறம் அந்தச் சிறு படங்களை ஒவ்வொன்றாக இறக்கும். வீடியோவை அழுத்தியதும் அதற்கான உரிமத்தைத் தனியாகக் கேட்டு வாங்கும். எனவே முகப்பு வந்து படங்கள் மட்டும் சாம்பல் கட்டமாக இருந்தால் வலையமைப்பைச் சந்தேகிக்கலாம். முகப்பு முழுதாக வந்து வீடியோ மட்டும் கறுப்பாக இருந்தால் அது உரிமம் அல்லது எச்டிஎம்ஐயில் படத்தை நகலெடுக்காமல் தடுக்கும் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, ஆப் திறக்காததோடு அதற்குத் தொடர்பில்லை. சில நொடியில் தானாக மூடிக்கொண்டால் பெரும்பாலும் ஸ்டிக்கின் உள்ளேயே பிரச்சினை. லோகோவில் மணிக்கணக்காக நிற்பதுதான் குழப்பமானது. உள்ளே ஏற்ற முடியாமல் நிற்கிறதா, வெளியே போய்ப் பதில் வராமல் காத்திருக்கிறதா என்று திரையைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. அதற்கு வேறு சோதனை இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

முதலில் ரீஸ்டார்ட். ரிமோட்டில் பவர் பட்டனை அழுத்தினால் பெரும்பாலான கருவிகளில் திரைதான் அணையும், ஸ்டிக் தூங்கப் போகும், அவ்வளவுதான். ராமில் இருந்தது அப்படியே இருக்கும். வாரக்கணக்காக, மாதக்கணக்காக ஒருமுறைகூட ரீஸ்டார்ட் ஆகாத ஸ்டிக்குகள் ஏராளம். செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் ரீஸ்டார்ட் கொடுங்கள், அல்லது சுவரில் இருக்கும் பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டுச் செருகுங்கள். அப்படிச் செருகும்போது, மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து எடுத்திருந்தால் உடனே மாற்றி, ஸ்டிக்கோடு வந்த அடாப்டரில் போடுங்கள். சாதாரண யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர். பல ஸ்டிக்குகளோடு வரும் அடாப்டர் 5 வோல்ட்டில் 1 ஆம்பியர் தருகிறது. சும்மா இருக்கும்போது பாதி மின்சாரம் போதும். கனமான ஆப் ஒன்று ஏறும்போது போதாமல் போகலாம். அப்போது ஆப் மட்டும் மூடாது, ஸ்டிக்கே அணைந்து தொடக்க லோகோவிலிருந்து ஆரம்பிக்கும். உங்களுக்கு ஆப் மட்டும்தான் மூடுகிறது என்கிறீர்கள், ஆகவே இது முக்கியக் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். இருந்தாலும் அடாப்டரை மாற்றிப் பார்ப்பது ஒரு நிமிட வேலைதான்.

அடுத்தது சேமிப்பு இடம். உங்கள் விஷயத்தில் நான் மிகவும் சந்தேகிப்பது இதைத்தான். நான்கைந்து வருடத்துக்கு முந்தைய ஸ்டிக்குகளில் 8 ஜிபி சேமிப்பும் 1 ஜிபி ராமும் இருப்பது சர்வ சாதாரணம். அந்த 8 ஜிபியில் இயங்குதளமே பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். ஆப்கள் ஒவ்வொரு அப்டேட்டிலும் பெருத்துக்கொண்டே போகின்றன, ஸ்டிக்கின் இடம் அதே அளவில்தான் இருக்கிறது. நூறு மெகாபைட்டுக்கும் கீழே காலி இடம் போய்விட்டால் ஆப் தன் தற்காலிகக் கோப்புகளை எழுத இடமில்லாமல் மூடிக்கொள்ளும், அல்லது பாதி அப்டேட்டில் நின்று லோகோவிலேயே தங்கிவிடும். செட்டிங்ஸில் சேமிப்பைப் பாருங்கள். குறைந்தது ஒரு ஜிபி காலியாக இருக்கட்டும் என்பது என் நடைமுறைக் கணக்கு, எந்த நிறுவனமும் விதித்த எல்லை அல்ல. பயன்படுத்தாத ஆப்களை, முக்கியமாக விளையாட்டுகளை, முதலில் நீக்குங்கள்.

அப்புறம் அந்த இரண்டு ஆப்களையும் கவனிக்கலாம். ஃபயர் டிவி, ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி இவற்றில் செட்டிங்ஸில் ஆப் பட்டியலுக்குப் போனால் ஒவ்வொரு ஆப்புக்கும் கட்டாயமாக நிறுத்துவது, கேச் அழிப்பது, டேட்டா அழிப்பது என்று மூன்று வசதி இருக்கும். இதே வரிசையில் செய்யுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஆப்பைத் திறந்து பாருங்கள். கேச் என்பது ஆப் மறுபடி இறக்கிக்கொள்ளக்கூடிய பொருள், அழித்தால் எதுவும் போகாது. டேட்டா அழித்தால் லாகின், டவுன்லோட் செய்து வைத்தது, அமைப்புகள் எல்லாம் போகும், மறுபடி பாஸ்வேர்ட் தேவைப்படும். ஆப்பிள் டிவியில் இப்படித் தனித்தனியாகக் கேச் அழிக்கும் வசதி கிடையாது. அங்கே ஆப்பை நீக்கி மறுபடி நிறுவுவதுதான் வழி. ரோகுவிலும் ஆப்பை (அங்கே சேனல் என்பார்கள்) நீக்கி, கருவியை ரீஸ்டார்ட் செய்து, பிறகு சேர்க்க வேண்டும். நடுவில் அந்த ரீஸ்டார்ட்டை விட்டுவிட்டால் பழைய மிச்சம் அப்படியே ஒட்டிக்கொண்டு திரும்பி வரும் சந்தர்ப்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

நீக்கி நிறுவுவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. ஸ்டிக்கின் ஆப் ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்தைத் திறந்து, உங்கள் கருவிக்கு அது இன்னும் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு நீக்குங்கள். சில நிறுவனங்கள் பழைய கருவிகளுக்குப் புதிதாக நிறுவும் வழியை மூடிவிடும், ஏற்கெனவே இருக்கும் பிரதி மட்டும் கொஞ்ச காலம் ஓடும். அதை நீக்கிவிட்டால் திரும்பக் கிடைக்காது. அந்தப் பக்கத்தில் அப்டேட் என்ற பட்டன் தெரிந்தால், நீக்குவதற்குப் பதிலாக அதை முதலில் அழுத்திப் பாருங்கள். ஸ்டிக்கின் இயங்குதளத்துக்கும் அப்டேட் இருக்கிறதா என்று அப்படியே பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் செய்தும் நிற்கிறது என்றால் நான் முன்பு சொன்ன அந்தச் சோதனை: போனில் ஹாட்ஸ்பாட் போட்டு ஸ்டிக்கை அதில் சேருங்கள். சேர்க்கும்போது போனில் வைஃபை அணைந்திருக்கட்டும், இல்லையென்றால் சில போன்கள் வீட்டு வைஃபையையே திருப்பிக் கொடுக்கும். வீடியோ ஓட்ட வேண்டாம், டேட்டா வீணாகும். இரண்டு ஆப்களும் முகப்பு வரை வருகின்றனவா என்று பார்த்தால் போதும். ஐந்து நிமிடம் ஆகும் இந்த ஒரு சோதனை, ஒரு மணி நேர ஊகத்தை மிச்சப்படுத்தும். ஹாட்ஸ்பாட்டில் திறந்து வீட்டு வைஃபையில் திறக்கவில்லை என்றால் ஸ்டிக் நன்றாக இருக்கிறது, புதிதாக எதுவும் வாங்காதீர்கள். ஹாட்ஸ்பாட்டிலும் திறக்கவில்லை என்றால் ரூட்டரைத் தொடாதீர்கள், கோளாறு ஸ்டிக்கிலோ ஆப்பிலோ கணக்கிலோதான்.

வீட்டு வலையமைப்பு என்று தெரிந்தால், ரூட்டரை அணைத்துப் போடுவது முதல் வேலை. இரண்டாவது, விபிஎன் (இணையத் தொடர்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடுவது), விளம்பரத் தடுப்பு, குழந்தைகளுக்கான கட்டுப்பாடு இவற்றில் ஏதாவது ரூட்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். 'எல்லா ஆப்பும் ஓடுகிறது, ஒன்று மட்டும் நிற்கிறது' என்ற புகார்களில் இது அடிக்கடி காரணமாக இருக்கிறது. சில ஆப்கள் தொடங்கும்போதே விளம்பரச் சர்வரையோ கணக்கெடுப்புச் சர்வரையோ தொடர்புகொள்ளும். அதைத் தடுத்துவிட்டால் பதில் வரும்வரை லோகோவிலேயே காத்திருக்கும். மூன்றாவது டிஎன்எஸ். இணையச் சேவை நிறுவனத்தின் டிஎன்எஸ் ஒரு சில பெயர்களுக்கு மட்டும் தவறான பதில் தருவது நடக்கக்கூடியதுதான். ஸ்டிக்கின் வைஃபை அமைப்பிலோ ரூட்டரிலோ டிஎன்எஸ்ஸை 8.8.8.8 (கூகுளுடையது) அல்லது 1.1.1.1 (கிளவுட்ஃபிளேருடையது) என்று மாற்றிப் பாருங்கள். பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிடுங்கள்.

இணைய வேகத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதுவார்கள், வேகச் சோதனை எண்ணைப் படம் பிடித்தும் போடுவார்கள். ஆப் திறப்பதற்கு அது அநேகமாகச் சம்பந்தமில்லாதது. நெட்ஃபிளிக்ஸ் 1080பி தரத்துக்கு 5 எம்பிபிஎஸ்ஸும் 4கேவுக்கு 15 எம்பிபிஎஸ்ஸும் பரிந்துரைக்கிறது. அதுவும் படம் ஓடுவதற்கு, முகப்பு வருவதற்கு அதைவிடக் குறைவே போதும். வேகத்தைவிட, டிவியின் பின்புறம் உலோகத் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவில் செருகியிருக்கும் ஸ்டிக்குக்கு சிக்னல் சீராக வருகிறதா என்பது முக்கியம். பெட்டியில் ஒரு சிறிய எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயர் இருந்தால் அது அலங்காரத்துக்கு அல்ல. அதைப் போட்டு ஸ்டிக்கை டிவியை விட்டுக் கொஞ்சம் வெளியே தொங்க விடுங்கள்.

ஹாட்ஸ்பாட்டிலும் திறக்காத நிலைக்கு வருவோம். கணக்கை முதலில் பாருங்கள்: சந்தா முடிந்திருக்கிறதா, அனுமதித்த கருவிகளின் எண்ணிக்கை தாண்டிவிட்டதா. கணினியில் அந்தச் சேவையின் தளத்துக்குப் போய் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, ஸ்டிக்கில் புதிதாக லாகின் செய்யலாம். அதற்குப் பிறகு மிச்சமிருப்பது வயது. கருவி உடைந்துபோகாமலே வயதாகிவிடும். 2015இல் யூடியூப், ஆப்கள் தன் சர்வரோடு பேசும் பழைய இடைமுகத்தை (ஏபிஐ) நிறுத்தியபோது, 2012இலும் அதற்கு முன்பும் வந்த பல டிவிகளிலும் கருவிகளிலும் யூடியூப் ஆப் வேலை செய்யாமல் போனது. 2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் சில பழைய சாம்சங் டிவிகளிலும் பழைய ரோகு கருவிகளிலும் ஆதரவை நிறுத்தியது. இவை அறிவித்துவிட்டு நடந்தவை. அறிவிப்பில்லாமல் நடப்பது சான்றிதழ் காலாவதி. 2021 செப்டம்பர் 30 அன்று, தளங்களுக்குச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்கள் சார்ந்திருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களை நம்புவதற்கு அடிப்படையானது) காலாவதியானது. அதற்கடுத்த மூலச் சான்றிதழை அறியாத பழைய கருவிகளுக்குச் சில சர்வர்கள் மட்டும் எட்டாமல் போயின. ஒரு ஆப் திறக்கும், இன்னொன்று திறக்காது என்ற உங்கள் நிலைமைக்கு இதுவும் பொருந்துகிறது. ஆனால் நான்கைந்து வருட ஸ்டிக்குக்கு, அப்டேட்டுகள் ஒழுங்காக வந்திருந்தால், இதற்கான வாய்ப்பு குறைவு.

ஃபேக்டரி ரீசெட்டைக் கடைசியில் வைப்பதற்கு 2025 மார்ச் 9 நல்ல உதாரணம். அன்று, டிவியில் செருகும் கூகுளின் கருவியான குரோம்காஸ்ட்டில் இரண்டாம் தலைமுறைக் கருவிகள் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் நின்றன. கருவியை அடையாளம் காட்ட ஒன்றையொன்று உறுதி செய்யும் சான்றிதழ்களின் சங்கிலியில் ஒன்று காலாவதியாகியிருந்தது. ரீசெட் செய்யாதீர்கள் என்று கூகுளே அறிவித்தது. காத்திருந்தவர்களுக்குச் சில நாளில் திருத்தம் தானாக வந்து சேர்ந்தது. அவசரப்பட்டு ரீசெட் செய்தவர்களால் கருவியை மறுபடி அமைக்கவே முடியவில்லை, அவர்களுக்குத் தனியாக இன்னொரு திருத்தம் தேவைப்பட்டது. ஆகவே ரீசெட் செய்யும் முன், உங்கள் கருவியின் மாடல் பெயரைப் போட்டு, மற்றவர்களுக்கும் இதே நாளில் இதே கோளாறு வந்திருக்கிறதா என்று தேடுங்கள். யாருக்கும் வரவில்லை, மேலே சொன்ன எல்லாம் செய்தாகிவிட்டது என்றால் பாஸ்வேர்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு ரீசெட் செய்யலாம்.

தேடும்போது ஒரு விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். தேடல் முடிவில் வரும் 'உதவி எண்' எதையும் அழைக்காதீர்கள். கருவியை இயக்கக் கட்டணம் கேட்பது, கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி கேட்பது, இரண்டும் மோசடி. வயதானவர்கள் இதில் பணம் இழந்து எங்களிடம் வந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். கருவியின் செட்டிங்ஸிலோ பெட்டியிலோ அச்சிட்டிருக்கும் முகவரி வழியாக மட்டும் போங்கள்.

ரீசெட்டுக்குப் பிறகும் அந்த இரண்டு ஆப்களும் ஹாட்ஸ்பாட்டிலும் திறக்கவில்லை, ஆப் ஸ்டோரும் உங்கள் கருவிக்குப் புது அப்டேட் எதையும் காட்டவில்லை என்றால், அப்போது புதிய ஸ்டிக் வாங்குவது நியாயம். டிவியை மாற்ற வேண்டாம், அதற்கு இதில் பங்கில்லை. வாங்கும்போது சேமிப்பு 8 ஜிபிக்கு மேல், ராம் 2 ஜிபி இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கதை அங்கே முடியாது என்றுதான் நினைக்கிறேன், சேமிப்பு இடத்திலேயே தெரிந்துவிடும். ஸ்டிக்கின் மாடல் என்ன, எவ்வளவு இடம் காலி, ஹாட்ஸ்பாட்டில் என்ன நடந்தது, திரையில் ஏதாவது பிழை எண் வந்ததா, இந்த நான்கையும் இங்கே எழுதினால் அடுத்து என்ன செய்வது என்று இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.